சத்தம் கூட்டிய வீடு

எங்கள் லயத்தில் ஆறு வீடுகள். ஆறுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள இருட்டு எல்லாருக்கும் பொது. முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறாவது வீட்டில் தும்முவார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்குச் சளி, யார் வீட்டில் இன்று மீன், யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஏலப்பாறைக்கு மேலே தேயிலைக் காட்டுக்கு நடுவில் இப்படி ஒரு வீட்டில்தான் நான் பிறந்தேன். அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன்.

இந்த வீட்டில் வைத்துப் பதின்மூன்று வருடம் என் மனைவியை அடித்தேன். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

அது எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குப் பேச வராது. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தும் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பெரியவன் ஆன பிறகும் அதே கதைதான். பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழையில் நடந்து வந்த நாட்கள் உண்டு. காலை மஸ்டரில் பேர் வாசிக்கும்போது எல்லாரும் குரல் கொடுப்பார்கள். நான் கையை மட்டும் தூக்குவேன். லயத்தில் என்னை வாயில்லாப் பூச்சி என்பார்கள். அதை அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள்.

ஃபேக்டரி மாடியில் எனக்கு வேலை. காட்டிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியில் விசிறியைப் போட்டு வாட்ட வேண்டும். விசிறிகளின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனால் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

என் மனைவி வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட்டுக்காரி. நன்றாகப் பாடுவாள். கொழுந்து எடுக்கும்போது அவள் பாட, வரிசையில் நிற்கும் மற்ற பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்களாம். இதை எனக்குச் சொன்னது அவள் அண்ணன். கல்யாணச் சீராக அவர் ஒரு டேப் செட் வாங்கித் தந்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்தது. "எந் தங்கச்சிக்குச் சோறு இல்லன்னாலும் பாட்டு இருக்கணும் மாப்ள" என்று சிரித்தார். அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். முதல் வருடம் அவள் சமைக்கும்போது அது பாடும், அவளும் கூடவே பாடுவாள்.

ஒரு நாள் ஃபேக்டரியில் கொழுந்து சூடாகிச் சிவந்துவிட்டது. தப்பு என்னுடையது இல்லை, விசிறி நின்றுபோயிருந்தது. ஆனால் சூப்பர்வைசர் என்னைத்தான் கீழே கூப்பிட்டார். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்கு வந்ததைச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயந்தரம் வீட்டில் சாயாவைக் கையில் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள். "விசிறி நின்னுபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? வாயத் தொறந்தா முத்தா கொட்டிரும்?"

கோபமாகக் கேட்கவில்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டாள். நான் அடித்தேன்.

அவள் கத்தவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மதினி இருமினாள். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். பிறகு நான் போய் டேப் செட்டில் பாட்டைப் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். திரும்பி வந்து இன்னும் ஒரு தடவை அடித்தேன்.

முதல் அடியைக் கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். நடந்து போய்ப் பாட்டைப் போட்டு, குமிழைத் திருகிவிட்டு, நடந்து திரும்பி வந்து அடித்ததற்கு என்ன பேர் சொல்வது? நான் குடிக்கிறவன் இல்லை. என் அப்பா அம்மாவை அடித்ததும் இல்லை. அந்தச் சாக்கெல்லாம் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் இரண்டு தடவை, சில மாதம் நான்கு. வெளியே யாராவது என்னை ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் பேச வராத வார்த்தையெல்லாம் கைக்கு வந்துவிடும். முகத்தில் அடிக்க மாட்டேன். அவ்வளவு கவனம் எனக்கு இருந்தது. பாட்டுப் போட்டுவிட்டுத்தான் எல்லாம். அவளும் வாயைத் திறக்க மாட்டாள். லயத்தில் தன் மானம் போய்விடக் கூடாது என்று சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொள்வாள்.

"ஏட்டி, உங்க வீட்ல என்ன எப்பப் பாத்தாலும் கச்சேரி?" என்று பக்கத்து வீட்டு மதினி குழாயடியில் வைத்து அவளைக் கேட்பாள். "வாய் பேசாத புருசன் பாட்டுப் போட்டுத்தான் கொஞ்சுவாரோ?"

பெண்கள் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். குடத்தை இடுப்பில் வைக்கும்போது மட்டும் வழக்கமான பக்கம் வைக்காமல் மறுபக்கம் வைப்பாள்.

அவள் பாடுவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை. கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் யாரிடமும் சொல்லாமல் இல்லை. மூன்றாம் வருடம், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கொழுந்துக் காட்டில் உடன் வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் நம்பவில்லை. "அந்த மனுசனா? எறும்பு வந்தாக்கூட வழி விட்டு நடக்குற ஆளாச்சே. நீ என்ன சொன்னியோ, என்ன செஞ்சியோ" என்றார்களாம். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்தார். கோழி அடித்துச் சோறு போட்டோம். நான் தலையைத் தூக்காமல் அவருக்குக் குழம்பு ஊற்றினேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் வைத்துத் தங்கையிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"தங்கமான மனுசன்ட்டி. கண்ணப் பாத்து ஒரு வார்த்த பேச மாட்டேங்காரு. நீதான் வாயக் கொறச்சுக்கிடணும்."

அவள் ஜீப் வளைவில் மறையும் வரை அங்கேயே நின்றாள். என் கூச்சம் எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டேப் செட் பழுதான பிறகு டி.வி. வந்தது. மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், ஏதோ ஒரு எரிச்சலில் டம்ளரைத் தரையில் கொஞ்சம் வேகமாக வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். மகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து போய் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.

என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அடுப்படியில் என் மனைவி முதுகைச் சுவரோடு சேர்த்து நின்றாள்.

அன்று நான் அடிக்கவில்லை. வெளியே இறங்கிப் போய், கோவில் பக்கம் ஒரு கல்லில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். அன்றோடு விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. விடவில்லை. அதற்குப் பிறகும் ஆறேழு வருடம்.

எங்கள் எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள். லயத்துக்குப் பக்கத்தில் சவுக்கு மரத்தில் ஒன்று, கோவில் முன்னால் ஒன்று. மகளுக்குப் பன்னிரண்டு வயதான வருடம், கொடி ஏறிய அன்று மதியம், அந்த ஸ்பீக்கரில் முதல் பாட்டு போட்டார்கள். என் மனைவி வாசலில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையைப் போட்டுவிட்டு நடந்தாளாம். யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. நாங்கள் தேடிப் போனபோது மேல் காட்டில், இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். மதினி அவள் தோளைத் தொட்டதும் பயத்தில் அவளுக்குச் சிறுநீர் போய்விட்டது.

"பேயி பிடிச்சிருக்கு" என்றார்கள். மேல் காட்டில் தூக்கு மாட்டிச் செத்த ஒருத்தியின் பேய் என்று அதற்கு ஒரு பேரும் கதையும் சொன்னார்கள். கம்பத்திலிருந்து கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். பேய் ஓட்ட வந்தவர் உடுக்கையை அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார். அவள் துடித்தாள். துடிக்கத் துடிக்க, பேய் ஆடுகிறது என்று சொல்லி இன்னும் ஓங்கி அடித்தார். மூன்று நாள்.

பேய் எது என்று எனக்குத் தெரியும். பேய்தான் தேங்காயும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்து தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு ஓரமாகக் கைகட்டி நின்றது. "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை. பஸ்ஸில் சொல்ல வராத அதே வார்த்தை. சொல்லவில்லை. அவளுக்கு நான் செய்ததில் அடித்ததைவிட இதைத்தான் பெரிய பாவமாக நினைக்கிறேன்.

நான்காம் நாள் மகள் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலையாளத்துப் பெண் டாக்டர், தமிழ் கலந்து பேசினார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மனைவியிடமும் மகளிடமும் வெகு நேரம் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"வீட்டில அடிக்கறதுண்டோ?"

நான் தலையைக் குனிந்தேன்.

"தல குனிஞ்சா போரா. வாய் தொறந்து பறயணும்."

தலையை ஆட்டினேன். எனக்கு அதுதான் முடிந்தது.

"இது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல" என்றார். "பயமாக்கும். உடம்பு நினைவு வச்சிருக்கு. மருந்து நான் தரும். பயத்தை யார் கொடுத்ததோ அவர் நிறுத்தணும்."

அன்றிலிருந்து அடிக்கவில்லை. டி.வி.யைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டியதில்லை.

அடி நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். மாத்திரை சாப்பிட்டாள். வேலைக்குப் போனாள், சமைத்தாள், கேட்டால் பதில் சொன்னாள். ஆனால் ஒரு நாள்கூட என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை. ஆணியில் சட்டையை மாட்ட நான் கையைத் தூக்கினால் அவள் தலை தானாகவே தோளுக்குள் போகும். டம்ளரைத் தரையில் வைக்க எனக்குப் பயமாகிவிட்டது. கையிலேயே வைத்திருந்து, எழுந்து போய்த் தொட்டியில் போடுவேன். அவளுக்கு இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வருவாள். 'இனிமேல் அடிக்க மாட்டேன்' என்று நான் வாய் திறந்து சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாளா, தெரியாது. சொல்லாததால் ஒவ்வொரு சாயந்தரமும் அவள் காத்திருந்தாள். அது மட்டும் தெரியும்.

லயத்தில் அவளுக்குப் பேயடித்தவள் என்ற பேர் நிலைத்துவிட்டது. திருவிழா வந்தால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். கல்யாண வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

மகள் வளர்ந்து, குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். சக்குபள்ளத்தில் ஜீப் ஓட்டும் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல பையன். பேசி முடிக்க வந்த அன்று, மாப்பிள்ளையின் பெரியம்மா சாயாவைக் குடித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"பொண்ணோட அம்மாவுக்கு மனசு கொஞ்சம் சரியில்லன்னு சொன்னாங்க. மணவறையில வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா... தாரை வாக்க வேற யாராச்சும் சொந்தத்துல இருந்தா நல்லதுல்ல?"

என் மனைவி அடுப்படியில் இருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் தரையைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு மகள் என் முன்னால் வந்து நின்றாள். என் மகளுக்கு என் கூச்சத்தில் ஒரு துளிகூட இல்லை.

"எங் கல்யாணத்துல எங்கம்மாதான் தாரை வாக்கணும். அதுக்கு ஸ்பீக்கர் செட்டு இருக்கக் கூடாது. செட்டு வேணாம்னு நீங்கதான் சொல்லணும். ஏன் வேணாம்னும் நீங்கதான் சொல்லணும், எல்லார் முன்னாடியும்."

"அம்மாவுக்கு முடியாதுன்னு..."

"அம்மாவுக்கு ஒரு நோவும் இல்ல. அப்படிச் சொன்னீங்கன்னா நான் கோயில்ல போய்த் தாலி கட்டிக்கிருவேன். உங்களக் கூப்புட மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கர் இல்லாமல் கல்யாணம் கிடையாது. விடியற்காலையில் பாட்டு கேட்டால்தான் அது கல்யாண வீடு என்று மலைக்கு அந்தப் பக்கம் தெரியும். எங்கள் லயத்திலோ இன்னும் ஒரு சிக்கல். பக்கத்து வீட்டு மதினியின் கொழுந்தன் செட் வைத்திருக்கிறவர். லயத்துப் பிள்ளைகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டுச் சீர் அந்தச் செட்தான். அதை வேண்டாம் என்பது, வைத்த சீர்த்தட்டைக் காலால் தள்ளுவது மாதிரி.

பதினைந்து நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் லயத்துக்கு முன்னால் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் அரிந்தார்கள். மதினி பூசணிக்காயோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். செட்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"தம்பி, பொட்டி நாலு கொண்டாந்துருக்கேன், கூம்பு ரெண்டு. ஏலப்பாறைச் சந்தையில நிக்கிறவன் இங்க திரும்பிப் பாக்கணும், ஆமா!"

"செட்டு வேணாம்ணே" என்றேன்.

"என்னது?"

"வேணாம்ணே."

"ஏம்ப்பா, ஒங்கிட்ட நான் வாடகையா கேட்டேன்? எங்க அண்ணன் வீட்டுச் சீருல்ல இது!"

பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த ஒருவர் குரல் கொடுத்தார். "பாட்டு இல்லாமக் கல்யாணமா? எளவு வீடுன்னு நெனச்சு எவனாச்சும் மாலையோட வந்துரப் போறான்."

எல்லாரும் சிரித்தார்கள். செட்காரர் மட்டும் சிரிக்காமல் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வீட்ல மறுபடி அந்தக் கோளாறு வந்துருச்சா? அந்த மேக்காட்டுப் பேயி?"

ஒரு தலையாட்டல் போதும். அதோடு முடிந்துவிடும். என் கழுத்து அதற்குத் தயாராகிவிட்டது. வாசலில் மகள் நின்றாள். நலங்கு வைத்த மஞ்சள் முகத்தில் இன்னும் காயவில்லை. அவளுக்குப் பின்னால், உள்ளே, கதவு மறைவில் ஒரு சேலையின் ஓரம் தெரிந்தது.

"பேயில்ல" என்றேன். "நாந்தான்."

"அது ஒம் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!" என்றார் பந்தக்கால்காரர். மறுபடியும் சிரிப்பு.

"நான் அவள அடிச்சேன்."

"இந்தா பாருய்யா, பெரிய சண்டியரு! பொண்டாட்டிய அடிச்சாராம். அடிக்காத ஆம்பள இந்தப் பந்தல்ல இருந்தா கையத் தூக்குங்கப்பா பாப்போம்" என்றார் அவரே.

யாரும் தூக்கவில்லை. அதற்கும் சிரித்தார்கள். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. நிறுத்தினால் இனி ஒருபோதும் வராது என்று தெரிந்தது.

"பாட்டுச் சத்தத்தக் கூட்டி வச்சுட்டு அடிச்சேன். வெளிய கேக்கக் கூடாதுன்னு. பதிமூணு வருசம். அதான் பாட்டு கேட்டா அவளுக்கு ஆகாது. அவளுக்குக் கோளாறு ஒண்ணும் இல்ல. கோடாங்கி வந்தப்பவே எனக்குத் தெரியும். நான் சொல்லல."

இத்தனை வார்த்தையை நான் ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆண்கள் பந்தலைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். மதினியின் கையில் அரிவாள்மனையில் பாதி இறங்கிய பூசணித் துண்டு அப்படியே நின்றது.

"அந்தப் பாட்டெல்லாமா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

"நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் கூடப் பாடிக்கிட்டுல்லடா இருந்தேன்."

என்னை அவள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். கதவு மறைவில் இருந்த என் மனைவியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வெகு நேரம் இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

செட்காரர் பெட்டிகளைத் திரும்ப ஜீப்பில் ஏற்றினார். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "நீ விடு" என்றார்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி அதற்குள் போயிருந்தது. பெரியம்மா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, என் மனைவியைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. தாரை வார்க்கும்போது மகளின் கையை நான் பிடித்திருந்தேன். செம்பை என் மனைவி பிடித்தாள். கை நடுங்கித் தண்ணீர் விட்டு விட்டு விழுந்தது. மகள் தன் உள்ளங்கையை நகர்த்தி நகர்த்தி, ஒரு சொட்டும் கீழே போகாமல் வாங்கினாள்.

தாலி ஏறும் முன் மதினி குனிந்து என் மனைவியிடம் கேட்டாள். "ஏட்டி, கொலவ போடட்டுமா? ஒனக்கு ஒண்ணும் செய்யாதே?"

என் மனைவி யோசித்தாள். பிறகு சரி என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் பெண்கள் குலவை போட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு சத்தத்துக்கு முன்னால் அவளை யாரோ கேட்டது அன்றுதான்.

மகளோடு மறுவீட்டுக்குப் போன என் மனைவி திரும்பி வரவில்லை. ஒரு வாரம் கழித்து மகள் போனில் சொன்னாள். "அம்மா இங்கேயே இருக்கட்டும்ப்பா." 'சரி' என்றேன். அவள் துணிகளையும் மாத்திரைச் சீட்டையும் பையில் வைத்து ஜீப்பில் கொடுத்தனுப்பினேன். அங்கே ஏலக்காட்டில் காய் எடுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

மதினி இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் லயத்தில் எந்த வீட்டில் டி.வி. சத்தம் திடீரென்று கூடினாலும் அவள் கரண்டியால் சுவரைத் தட்டுகிறாள். "ஏய், கொறடா அத!" என்று சுவருக்கு மேலே அவள் குரல் போகிறது. குறைக்கிறார்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்குபள்ளம் போவேன். குமுளியில் இறங்கி வேறு பஸ் மாறிப் போக வேண்டும். மகள் வீடு ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே, ஏலச் செடிகளுக்கு நடுவில் இருக்கிறது. நான் முற்றத்து மரப் பெஞ்சில் உட்காருவேன். என் மனைவி சாயா கொண்டு வந்து பெஞ்சின் அந்த முனையில் வைத்துவிட்டுப் போவாள். "நல்லாருக்கீங்களா?" என்று கேட்பாள். "ம்" என்பேன். மகளோடு கொஞ்சம் இருந்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்கு இறங்கிவிடுவேன்.

போன மழைக்கு முன்னால் ஒரு தடவை, பஸ் வரை கூட வந்த மகள் சொன்னாள். "அம்மா இப்பப் பாடுதுப்பா. வேலை செய்யும்போது. காட்டுல இருக்கிறவங்க எல்லாம் கேட்டுக்கிட்டு நிப்பாங்க."

"ஒரு தடவகூட நான் கேக்கலியே" என்றேன்.

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் போனபோது நேரத்தோடு போய்விட்டேன். வளைவில் திரும்பி மேலே ஏறும் பாதையில் கால் வைத்ததும் கேட்டது. முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுகிறாள் போலிருந்தது. கல்யாணமான முதல் வருடம் டேப் செட்டோடு கூடப் பாடிய பாட்டு. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. இடையில் ஒரு வரி மறந்து, மறுபடி ஆரம்பித்தாள்.

இன்னும் பத்தடி ஏறினால் அவளுக்கு என் தலை தெரியும். வாங்கி வந்த ஆரஞ்சுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டு முடியும் வரை நின்றேன். அது முடிந்து இன்னொன்று தொடங்கியது.

கீழே ரோட்டோரப் பெட்டிக்கடையில் பையைக் கொடுத்து, மேலே உள்ள வீட்டில் கொடுத்துவிடச் சொன்னேன். 'யார் கொடுத்ததாகச் சொல்ல?' என்று கடைக்காரர் கேட்டார். அவர்களுக்குத் தெரியும் என்றேன். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அடுத்த நிறுத்தம் வரை நடந்தேன்.